மீனும் தோணியும் அரசிதழும்

1642 டிசம்பரில் டச்சுக் கடலோடி டாஸ்மன் இரண்டு கப்பல்களோடு இன்றைய நியூசிலாந்தின் கரையை நெருங்கினார். அங்கு வாழ்ந்த மாவோரிகளுடன் நடந்த மோதலில் ஆட்கள் நால்வரைப் பறிகொடுத்த அவர், கரையில் கால் வைக்காமலே திரும்பினார். தென்னமெரிக்க முனைக்கு அருகே ஏற்கெனவே ‘ஸ்டேட்டன் லேண்ட்’ என்று ஒரு நிலம் குறிக்கப்பட்டிருந்தது. தான் கண்டது அதன் தொடர்ச்சி என்று நம்பி, அதே பெயரை எழுதிவைத்தார். அது தவறு என்பது அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது. டச்சு வரைபடக்காரர்கள் தங்கள் ஜீலாந்து மாகாணத்தின் பெயரை அங்கே ஏற்றினார்கள். நியூசிலாந்து என்ற நாட்டுப் பெயர் அப்படி வந்தது. ஆனால் அதன் இரண்டு பெருந்தீவுகளுக்கு என்ன பெயர்? அந்தக் கதை முடிய 2013 வரை ஆயிற்று.

1770 ஜனவரி 31. தெற்குத் தீவின் வடமுனையை ஒட்டிய சிறு தீவு மோட்டுவாரா. அங்கே ஒரு குன்றின் உச்சியில் கேப்டன் ஜேம்ஸ் குக் கம்பம் நட்டுக் கொடியேற்றினார். அடுத்து வரும் கப்பல்களுக்கு ஓர் அடையாளம் என்றுதான் அங்கிருந்தவர்களிடம் சொல்லியிருந்தார். கொடி ஏறியதும், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் அந்த இடத்தை உடைமையாக்கிக்கொண்டார். கப்பல்காரர்கள் டோப்பா என்று எழுதிவைத்த மாவோரி முதியவர் ஒருவர் உடன் ஏறி வந்திருந்தார். தஹித்தி மொழி மாவோரிக்கு நெருங்கிய உறவு. அதனால் தஹித்தியிலிருந்து கப்பலில் வந்த துபையாவின் துணையோடு பேச்சு ஓடியது. இந்த நிலங்களை எப்படி அழைக்கிறீர்கள் என்று குக் கேட்டார். முதியவர் சொன்னார். ராணியின் நலம் வாழ்த்தி மது அருந்திய பிறகு, காலிப் புட்டியை அவருக்குக் கொடுத்தார்கள்; மிகவும் மகிழ்ந்தார் என்று குக் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இரண்டு தீவுகளின் பெயரைச் சொன்னவருக்குக் கிடைத்தது அந்தப் புட்டி. இந்த வரியை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

காதில் விழுந்ததைக் குக் அப்படியே எழுதினார். தெற்கே ‘தோவிபுனம்மு’, வடக்கே ‘ஈஹேநோமாவ்வே’. வடக்குப் பெயர் ஒரு பெயரே அல்ல, ‘மாவுயி தூண்டில் போட்டு இழுத்தது’ என்ற விடை என்கிறார்கள் மொழி அறிந்தவர்கள். மாவோரி மரபில் வீரன் மாவுயி, தன் பாட்டியின் தாடையெலும்பைத் தூண்டில் முள்ளாக்கிக் கடலடியிலிருந்து இழுத்த பெருமீன்தான் வடக்குத் தீவு. பேராசைப்பட்ட அண்ணன்மார் அதை வெட்டிக் கூறுபோட்டதால் மலையும் பள்ளமும் உண்டாயின. இன்றைய தலைநகர் வெலிங்டன் இருப்பது மீனின் தலையில். வடகோடி நீள்நிலம் வால். வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், மீன் தெரியும். விமானம் இல்லாத காலத்தில், நடந்தும் தோணி வலித்தும் ஒரு தீவின் உருவத்தை இவ்வளவு சரியாக மனத்தில் வாங்கியவர்கள் அவர்கள். தெற்குத் தீவின் பெயரில் இருப்பது ‘பவுனமு’ என்னும் பச்சைக்கல். ஆயுதமும் அணிகலனும் செய்யக் கிடைத்த அருமணி. சிலர் அதே தீவை மாவுயியின் தோணி என்றும் சொல்வார்கள்.

1840இல் ஆங்கிலேய ஆட்சி வந்தது. லண்டனிலிருந்து வந்த விக்டோரியா அரசியின் சாசனம், நியூ அல்ஸ்டர், நியூ மன்ஸ்டர், நியூ லெய்ன்ஸ்டர் என்று மூன்று தீவுகளுக்கு அயர்லாந்து மாகாணங்களின் பெயரைச் சூட்டியது. அவை மக்கள் வாயில் ஒட்டவில்லை; சில ஆண்டுகளில் உதிர்ந்துபோயின. வடக்குத் தீவு, தெற்குத் தீவு என்ற திசைப் பெயர்களே புழக்கத்தில் நின்றன. தெற்குத் தீவுக்கு ‘நடுத் தீவு’ என்ற பெயரும் நெடுங்காலம் இருந்தது. 1907இல்தான் அதை இனி எழுதவேண்டாம் என்று நிலத்துறைக்கு உத்தரவு போனது. மாவோரிப் பெயர்களோ பழைய அரசு வரைபடங்களில் இருந்து, 1950களில் மறைந்தன.

தெற்குத் தீவுக்கு மாவோரிப் பெயரை முறைப்படி தரவேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தபோது, நியூசிலாந்து புவியியல் வாரியம் பழைய கோப்புகளைப் புரட்டியது. 2009இல் அறிவித்த முடிவு நாட்டையே திகைக்க வைத்தது. வடக்குத் தீவு, தெற்குத் தீவு என்று நூறாண்டுக்கு மேலாகப் பள்ளிப் பாடத்திலும் சட்டத்திலும் எழுதிவந்த பெயர்கள் இரண்டும் ஒருநாளும் அரசிதழில் ஏறவில்லை. சட்டப்படி அவை அதிகாரப்பூர்வப் பெயர்களே அல்ல!

திசைப் பெயர்களை முறைப்படுத்துவது, மாவோரிப் பெயர்களைத் தருவது என்ற இரண்டு வேலையையும் வாரியம் ஒருசேரச் செய்தது. 2013இல் மூன்று மாதம் மக்கள் கருத்தைக் கேட்டது. அக்டோபர் 10ஆம் நாள் நான்கு பெயர்கள் அதிகாரப்பூர்வமாயின. வடக்குத் தீவு அல்லது ‘தே இக்கா ஆ மாவுயி’, மாவுயியின் மீன். தெற்குத் தீவு அல்லது ‘தே வைப்பவுனமு’, பச்சைக்கல்லின் நீர். ஒன்றை மட்டும் சொல்லலாம், இரண்டையும் சேர்த்தும் சொல்லலாம், கட்டாயம் இல்லை. அந்த முதியவர் குன்றின்மேல் சொன்னதற்கும் அரசிதழில் அது அச்சானதற்கும் இடையே 243 ஆண்டுகள்.

மூன்றாவது தீவை மறந்துவிடவில்லை. குக் தீபகற்பம் என்று தவறாகக் குறித்த ஸ்டூவர்ட் தீவு அது. மாவோரி மரபில் மாவுயியின் தோணிக்கு அது நங்கூரம். 1998இல், தெற்குத் தீவின் ஙாய் தாஹு மக்களோடு அரசு செய்துகொண்ட உடன்பாட்டுக்கான சட்டத்தில் அதன் ‘ரக்கியூரா’ என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. மீனுக்கும் தோணிக்கும் பதினைந்து ஆண்டுகள் முன்பே நங்கூரத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது.