மூக்குப்பொடியாக வந்த மருந்து

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். வாஷி மார்க்கெட்டில் மிளகாய், மல்லி வியாபாரம் செய்கிறவன். இந்த விஷயத்தில் என்னை இழுத்துவிட்டது எங்க அம்மா கேட்ட ஒரு கேள்வி.

1996இல் என் தங்கை மகளுக்கு ஓயாத தாகம். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதுமாக இருந்தாள். சர்க்கரை வியாதி இல்லை. ‘டயாபடீஸ் இன்சிபிடஸ்’ என்றார் டாக்டர். இன்சிபிடஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சுவையற்றது என்று பொருள். சிறுநீரில் இனிப்பு இராது. அளவு மட்டும் நாளுக்குப் பத்து லிட்டரையும் தாண்டலாம். மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்தார். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் எங்களுடையது. அம்மா கேட்டாள்: “ஏம்ப்பா, இது எந்த உயிரை அறுத்து எடுத்தது?”

பதில் தேடி நூலகம் போனேன். பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாறு இந்தச் சிறுநீர்ப் பெருக்கை அடக்கும் என்று 1913இல் ஜெர்மனியில் ஃபான் டென் ஃபெல்டனும் இத்தாலியில் ஃபாரினியும் கண்டார்கள். அன்றாடம் ஊசி போடுவது லேசான காரியமா? 1922இல் அமெரிக்க மருத்துவர் புளூம்கார்ட், மூக்கு வழியாகக் கொடுத்தாலும் பலிக்கும் என்று காட்டினார். பின்னர் மாடு, பன்றியின் சுரப்பியை உலர்த்திப் பொடித்து, மூக்குப்பொடி போலவே உறிஞ்சக் கொடுத்தார்கள். அதனால் பலருக்குத் தாகம் தணிந்தது.

ஆனால் சிலருக்கு இருமல், மூச்சிரைப்பு வந்தது. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் முழுக்கத் தினை விதைத்தாற்போலப் புள்ளிகள். 1966, 1967இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதை விளக்கினார்கள். மூக்கோடு நிற்காமல் நுண்தூள் நுரையீரலின் காற்றறைகள் வரை போகிறது. அதிலுள்ள மாட்டு, பன்றிப் புரதங்களை உடம்பு பகையாகக் கருதி எதிர்க்கிறது. வைக்கோல் பூஞ்சணத் தூசியால் குடியானவர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு இது பங்காளி.

நோயாளியின் சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். பொடியை விட்டால் தாகம், விடாவிட்டால் மூச்சு. சரியான மாற்று மருந்து வேண்டியிருந்தது.

அதற்கு வழி முன்பே திறந்திருந்தது. அந்த ஹார்மோனான வாசோபிரசினை 1954இல் அமெரிக்காவில் டூ விக்னோ ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினார். 1955இல் நோபல் பரிசு பெற்றார். அதைச் சற்றே மாற்றி 1967இல் பிராகா நகர வேதியியலார் செய்ததுதான் டெஸ்மோபிரசின். 1970களில் அது நோயாளிகளுக்குக் கிடைத்தது. விலங்குச் சுரப்பிப் பொடி வழக்கொழிந்தது.

எங்க பெண்ணுக்குக் கொடுத்ததும் டெஸ்மோபிரசின்தான். அம்மாவிடம், “எந்த உயிரும் இல்லேம்மா, ஆய்வுக்கூடத்தில் செய்தது” என்றேன். “அப்போ நேரம் தவறாம குடு” என்றாள்.

அம்மா தர்மத்துக்காகக் கேட்டாள். அதே கேள்வியைத்தான், இருமிய நோயாளிகளுக்காக மருத்துவர்களும் கேட்க வேண்டியிருந்தது. எது குணமாக்குகிறது என்று அறிந்தால் போதாது. அதோடு கூட வருவது எது என்றும் அறிய வேண்டும். மிளகாய்த் தூளிலும் தானியத் தூசியிலும் பிழைக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: இருமல் விடாவிட்டால், தினமும் எதை மூச்சில் இழுக்கிறோம் என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.