16 பிள்ளைகளும் ஒரு மஞ்சள் குளிசையும்

எங்களில் பலருடைய வீட்டில் மூட்டுவாதத்துக்கு மருந்தெடுக்கிற அம்மம்மா ஒருவர் இருப்பார். கிழமைக்கு ஒருக்கால் மட்டும் சின்ன மஞ்சள் குளிசை, மெதொட்ரெக்சேட். போலிக் அசிட் வேறொரு நாளில். "ரெண்டையும் ஒரே நாளில போடாதேங்கோ" என்று டொக்டர் சொல்லிவிடுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு போனால் 1947இல் பொஸ்டன் நகரத்துச் சிறுவர் ஆஸ்பத்திரியில் போய் நிற்போம்.

சிட்னி ஃபார்பர் அங்கே நோயியலாளர். இறந்த பிள்ளைகளின் உடல்களையே அதிகம் பார்த்தவர். அந்தக் காலத்தில் லியூக்கேமியா வந்த பிள்ளை சில மாதங்களில், சிலவேளை சில கிழமைகளிலேயே போய்விடும். சிலவகை இரத்தச்சோகையைப் போலிக் அசிட் மாற்றுகிறது என்று அப்போதுதான் தெரியவந்திருந்தது. ஃபார்பர் அதன் சேர்வைகளை லியூக்கேமியாப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகமெடுத்தது.

இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துபோவதுதான் வழக்கம். எங்களால் அப்படிப் போக ஏலவில்லை. ஏனென்றால் அடுத்த யோசனை இதிலிருந்துதான் வந்தது. போலிக் அசிட் நோயை வளர்க்குமென்றால், அதைத் தடுக்கிற ஒன்று நோயைப் பட்டினி போடும்தானே? அந்த விடையைத் தந்தது ஃபார்பரின் மூளை மட்டுமில்லை, மோசமாகிப்போன அந்தப் பிள்ளைகளின் உடம்பும்தான்.

தடுக்கிற பொருளைச் செய்து கொடுத்தது லெடர்லே ஆய்வுகூடத்தில் சுப்பாராவ் தலைமையிலான குழு. அவர் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். 1947 டிசம்பர் கடைசியில் பொஸ்டனில் அமினோப்டெரின் ஊசி போடத் தொடங்கினார்கள். 1948 ஜூனில் வந்த ஆய்வுக் கட்டுரையில் 16 பிள்ளைகள். 10 பேருக்குக் குணம் தெரிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. வாயெல்லாம் புண்ணும் வந்தது. பிறகு நோய் திரும்பியது. கட்டுரைத் தலைப்பிலேயே 'தற்காலிக' என்ற சொல் இருக்கிறது.

அதே 1947 ஆகஸ்டில்தான் நூரெம்பெர்க் தீர்ப்பு வந்தது. மனிதரில் பரிசோதனை செய்வதற்கு அவரவருடைய சுயவிருப்பான சம்மதம் கட்டாயம் என்றது அது. நாசி வைத்தியர்களை விசாரித்தபோது பிறந்த விதி. மூன்று வயதுப் பிள்ளை எப்படிச் சம்மதம் சொல்லும்? ஓமெண்டு சொன்னது தாய்தகப்பன். பிள்ளை சாகப்போகுது எண்டு தெரிந்த தாயிடம் போய் 'விரும்பினால்' என்று கேட்பதில் என்ன விருப்பம் மிஞ்சியிருக்கும்? 'தன்னார்வலர்' என்ற சொல்லை இந்தப் பிள்ளைகளுக்குப் போட எங்களுக்குக் கை வரவில்லை. அதற்காக ஃபார்பரைக் கூண்டில் ஏற்றவும் மனமில்லை. பிள்ளைகளை நிம்மதியாகச் சாக விடலாம் என்று நினைத்த வைத்தியர்கள் அதே ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவர்கள் சொன்னதும் இரக்கம்தான். அவர்களைக் கேட்டிருந்தால் அந்த 10 பேருக்குக் கிடைத்த சில மாதங்களும் கிடைத்திராது.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டிலேயே இறந்துபோனார். அமினோப்டெரினுக்கு நெருங்கிய உறவான மெதொட்ரெக்சேட்டை 1960களில் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், பிள்ளைகள் லியூக்கேமியாவைத் தாண்டி வளர்ந்து பெரியாக்களானார்கள். அம்மம்மா போடுகிறதும் அதே மருந்துதான், மிகச் சிறிய அளவில். போலிக் அசிட்டின் வேலையை அது இப்போதும் தடுக்கிறது. அதனால்தான் இரண்டுக்கும் வேறுவேறு நாள்.