பட்டமும் எதிராளிகளும்

கனரகக் குத்துச்சண்டையின் தலைசிறந்த வீரர் எவர் என்று ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக விவாதிக்கும்போதெல்லாம், அவர் எவரை வென்றார் என்பதைவிட எவரைச் சந்திக்க மறுத்தார் என்ற வினாவே பிரதானமாக எழுகிறது. கறுப்பின வீரரோடு மோதுவதில்லை என்று சாம்பியன் ஜான் சல்லிவன் காலத்தில் வேரூன்றிய நிறபேதத்தை மீறி, அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸைத் தேசம் தேசமாகத் தொடர்ந்து சென்ற கறுப்பின வீரர் ஜாக் ஜான்சன், 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் அவரை எதிர்கொண்டபோது, பதினான்காம் சுற்றில் போலீஸார் சண்டையை நிறுத்தியதோடு, பர்ன்ஸின் வீழ்ச்சி பதிவாகாதபடி படப்பிடிப்பையும் நிறுத்தச் செய்தனர். அத்தகைய அநீதியை அனுபவித்த ஜான்சனே, 1906-இல் தாம் வென்றிருந்த சக கறுப்பின வீரர் சாம் லாங்ஃபோர்டுக்குப் பட்டம் பெற்றபின் ஒரு சந்தர்ப்பமும் அளிக்கவில்லை என்பதை, அவருடைய மேதையை வியக்கும் என் மனம் இன்றும் ஏற்க மறுக்கிறது. கண்பார்வை மங்கிய பின்னும் களத்தை விடாத லாங்ஃபோர்டுக்கு உலகக் கனரகப் பட்டச் சண்டை கிட்டவேயில்லை. பின்னாளில் சாம்பியனான ஜாக் டெம்ப்ஸியும் கறுப்பின வீரர் ஹாரி வில்ஸைச் சந்திக்காமலே 1926-இல் ஜீன் டன்னியிடம் பட்டத்தை இழந்தார். 1937-இல்தான் கறுப்பின வீரரான ஜோ லூயிஸுக்குப் பட்டத்துக்கான வழி மீண்டும் திறந்தது.