எவர்சில்வரும் கடல்நீரும்

அணுசக்தி நகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் எவர்சில்வர் இல்லாத அடுக்களை அரிது. ஊரில் பெயர் பொறித்துக் கொண்டுவந்த குடமும் தூக்கும் பல்லாண்டு சென்றும் ஒளி குன்றுவதில்லை. அதே உருக்கு, படகின் உந்துவிசிறியாகக் கடலில் இறங்கினால் மட்டும் கறையும் குழியும் கொள்வது ஏன்? விடை காண நாம் கப்பல் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

கலத்தின் அடிப்புறத்தைப் பேணும் கலை மும்பைக்குப் பழைமையானது. 1736இல் சூரத்திலிருந்து இங்கு வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர் கப்பல் கட்டும் தொழிலை வேரூன்றச் செய்தார். 1750இல் உலர்துறை அமைந்தது. துறையின் நீரை வெளியேற்றி, கப்பலின் அடியில் ஒட்டிய பாசியையும் கொட்டலசையும் சுரண்டி நீக்க அது வழிவகுத்தது. நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய தேக்குப் போர்க்கப்பல் 1817இல் மும்பையில் மிதக்கவிடப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அதனைக் காணலாம்.

இதற்கிடையே மற்றொரு பாடமும் கிடைத்தது. 1761இல் 'அலாரம்' என்ற ஆங்கிலக் கப்பலின் அடியில் செப்புத்தகடு போர்த்தினர். புழுவும் பாசியும் அடங்கின. ஆனால் செம்பைத் தொட்ட இரும்பாணிகள் உளுத்துப்போயின. உப்புநீரில் இரு உலோகங்கள் கூடினால் ஒன்று மற்றொன்றை அரிக்கும் என்பதை அறிந்தனர்.

1836இல் ஸ்மித், எரிக்சன் ஆகிய இருவரும் தனித்தனியே உந்துவிசிறிக்கு உரிமம் பெற்றனர். 1845இல் விசிறி பூண்ட 'ராட்லர்', பக்கச் சக்கரம் பூண்ட 'அலெக்டோ'வைக் கயிறு கட்டிப் பின்னோக்கி இழுத்து வென்றது. அது முதல் கப்பலை உந்தும் உறுப்பு கண்ணுக்குப் புலனாகாமல் நீரடியில் மறைந்தது. அதன் இதழ்கள் சொரசொரப்பானால் வேகம் குறையும், எரிபொருள் வீணாகும்.

1913இல் ஷெபீல்டு நகரில் துப்பாக்கிக் குழலின் தேய்வை ஆராய்ந்த ஹாரி பிரியர்லி, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த உருக்கை வார்த்தார். அவ்வுருக்கைக் காப்பது, அதன்மேல் குரோமியமும் உயிர்வளியும் கூடிப் படரும் மெல்லிய படலமே. கீறினாலும் உயிர்வளி கிட்டினால் அது மீண்டும் படரும். கொட்டலசின் அடியில் நீர் தேங்க, உயிர்வளி அற்றுப்போகிறது. உப்பு உட்புகுந்து குழி பறிக்கிறது. ஆதலின் ஓடும் படகினும் நெடுநாள் கடலில் நிற்கும் படகிற்கே இடர் மிகுதி.

மழைக்கால மீன்பிடித் தடையின்போது படகுகள் கரையேறுகின்றன. விசிறியைத் துலக்க அதுவே ஏற்ற காலம். முதலில் நன்னீரால் கழுவி, கொட்டலசை மரச்சுரண்டியால் நீக்குதல் வேண்டும். இரும்பு நார் ஆகாது. அதன் துகள் பதிந்த இடத்தில் துரு தோன்றும். உப்பமிலமும் ஆகாது; அது காப்புப் படலத்தையே அழிக்கும். நைலான் நாராலும் பின்னர் நுண்ணிய உப்புத்தாளாலும் தேய்த்து, மெருகேற்றிக் கழுவுக. இதழின் விளிம்பை மட்டும் ராவலாகாது. ராவினால் சமநிலை குலைந்து தண்டு அதிரும்.

துலக்குதல் அழகிற்காக அன்று, உருக்கு மூச்சுவிடுவதற்காகவே. அடுக்களையில் நாம் கைக்கொள்ளும் நெறியும் இதுவே அன்றோ?