முசலிக் கரையின் முத்தும் உயிர்க் கலமும்

முத்தினாற் புகழ் பெற்றது முசலிக் கரை. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்ப் பெயர்களைக் கடல் கடந்த வணிகரும் அறிந்திருந்தனர். சலாபத்தை மேற்பார்வை செய்வதற்கெனத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையில் அரிப்பிலே மாளிகையொன்று கட்டுவித்தார். ஆயினும் முத்து எவ்வாறு உண்டாகின்றது என்பதை நெடுங்காலம் எவரும் தெளிவாக அறிந்திலர். மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்பர் சிலர். மணற்றுகளே முத்தாகும் என்பர் வேறு சிலர். உண்மையைக் காட்டியது உயிர்க் கலம் பற்றிய அறிவேயாம்.

1665இல் ரொபேட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கைச் சீவலொன்றை நுணுக்குக்காட்டியில் நோக்கி, தேன்கூட்டின் கண்கள் போன்ற சிற்றறைகளைக் கண்டார். தாவரங்கள் கலங்களால் ஆயவை என 1838இல் சிலைடனும், விலங்குகளும் அவ்வாறே என 1839இல் சுவானும் கூறினர். கலத்திலிருந்தே கலம் பிறக்கும் என 1855இல் வேர்ச்சோ எடுத்துரைத்தார்.

இனி நமது சிப்பியை நோக்குவோம். ஓட்டின் உட்புறத்தை ஒட்டி மெல்லிய போர்வையொன்றுண்டு. அதனை மென்மூடி என்பர். அதன் புறத்தே வரிசையாக நிற்கும் கலங்களே ஓட்டை ஆக்குவன. கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு, உட்புகுவனவற்றையும் வெளிச்செல்வனவற்றையும் கட்டுப்படுத்துகின்றது. உள்ளே குழம்பு போன்ற குழியவுரு, அதனிடையே கரு. இன்னது செய்க என்னும் கட்டளை கருவிலே உள்ளது. அதன்படி ஆக்கப்படும் புரதத்தைக் கொல்கியுடல் பொதிசெய்து வெளியே அனுப்ப, இழைமணிகள் வேலைக்குரிய சக்தியை அளிக்கின்றன. அப்புரதத்தோடு சுண்ணாம்புப் பொருள் படைபடையாகப் படிய, ஓட்டின் உட்புறம் ஒளிர்கின்றது.

இக்கலங்களிற் சில, புழுவினாலோ காயத்தினாலோ உடலினுள்ளே தள்ளப்படினும் தம் தொழிலை விடா. பெருகிப் பையாகி, அப்பையினுள்ளே படைமேற் படையாகச் சுரக்கும். அதுவே முத்து.

1902இல் இங்கு ஆராய வந்த பேராசிரியர் ஹேட்மன், நாடாப்புழுவின் குடம்பியே முத்துக்குக் காரணம் என்றார். புழு தூண்டுகோலாகலாம், ஆக்குவது கலமே.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றை அழுகவைத்துக் கழுவி முத்துத் தேடினர். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. உயிரைப் பணயம் வைத்த குளியாட்களுக்கு ஒரு பங்கே. 1906இல் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் விடப்பட்டன. 1907க்குப் பின் பார்கள் வறண்டன, கம்பனியும் நொடித்தது.

அதே காலத்தில் யப்பானிலே மிசே, நிசிக்காவா என்போர் மென்மூடித் துண்டொன்றை மணியோடு சிப்பியினுள் வைத்து முத்து விளைவிக்கும் வழி கண்டனர். நம் கடலின் அக்கரையில், தூத்துக்குடியில், 1973இல் விஞ்ஞானி கே. அழகர்சாமி நமது சிப்பியின் இனத்திலேயே அதனைச் செய்து காட்டினார்.

சிப்பியை எண்ணும் கணக்கு நம் கரையில் எழுதப்பட்டது. கலத்தை நோக்கும் கண் பிற கரைகளில் திறந்தது. சிலாவத்துறைப் பள்ளிச் சிறுவன் கையிலும் ஒரு நுணுக்குக்காட்டி இருத்தல் வேண்டும். பாட்டன் மூச்சடக்கித் தேடியதன் பிறப்பைப் பேரன் கண்ணாற் காணட்டும்.