வீட்டிலே பிள்ளைப்பேறு



இங்கிலாந்தில் குடியிருக்கும் என் மகள், இரண்டாம் முறை கருவுற்றிருந்தபோது எனக்கு ஒரு மடல் எழுதினாள். "அப்பா, இம்முறை குழந்தையை வீட்டிலேயே பெற்றுக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறேன். மருத்துவச்சி வந்து உடனிருப்பார்; நீங்கள் அஞ்ச வேண்டா" என்று அதில் எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் நான் திகைத்துப் போனேன். என் தாயாரின் தமக்கை வீட்டில்தான் பிள்ளை பெற்றார்; பத்தாம் நாள் சுரம் கண்டு இறந்தார். வீட்டுப்பேறு என்ற சொல்லைக் கேட்டாலே, நான் கண்டறியாத அந்தப் பெரியம்மாவின் நினைவுதான் எனக்கு வரும்.

மகளைத் தடுத்து எழுதவே முதலில் எண்ணினேன். ஆயினும், அச்சத்தை மட்டும் கொண்டு அறிவுரை கூறுவது தகாது என்று தோன்றவே, அந்நாட்டினர் இத்துறையில் கடந்து வந்த வழியை நூல்களில் தேடிப் படித்தேன். அவ்வாறு அறிந்தவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வீடு ஆபத்தானது, மருத்துவமனை காப்பானது என்பதே நான் கொண்டிருந்த எண்ணம். வரலாறோ வேறொன்றைக் கூறிற்று. ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன், 1795-ஆம் ஆண்டில் பேறுகாலச் சுரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயுற்ற 77 பெண்களையும், அவர்களுள் மாண்ட 28 பேரையும், எவர் எவருக்குப் பேறு பார்த்தார் என்பதையும் அவர் வரிசையாகக் குறித்திருந்தார். நோயுற்ற பெண்ணுக்குப் பேறு பார்த்த மருத்துவச்சியோ மருத்துவரோதாம் அந்நோயை அடுத்த பெண்ணிடம் கொண்டு சென்றனர் என்பது அவர் கண்ட உண்மை. தாமும் அவ்வாறு பலருக்கு நோயைக் கொண்டு சென்றதை அவர் ஒளிக்காமல் எழுதினார். அந்த வாய்மைக்கு ஊராரின் வெறுப்பே பரிசாயிற்று.

ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின் வியன்னா நகரப் பெரு மருத்துவமனையில் அதே உண்மை மீண்டும் வெளிப்பட்டது. அங்கே இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற முதற் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துத் தாய்மார் இறந்தனர்; மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் இறந்தவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. முதற் பிரிவில் தங்களைச் சேர்க்க வேண்டா என்று பெண்கள் மண்டியிட்டு மன்றாடினராம். இந்த வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தவர் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர். மாணவர்கள் பிணத்தை அறுத்துச் சோதித்த கையோடு வந்து பேறு பார்த்தனர். மருத்துவச்சிகளுக்கு அந்த வேலை இல்லை. 1847-ஆம் ஆண்டில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். சாவு விரைந்து குறைந்தது.

செவிலியர்க்கெல்லாம் வழிகாட்டியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் இத்துன்பத்தைக் கண்டவரே. மருத்துவச்சிகளைப் பயிற்றுவிப்பதற்காக 1862-இல் அவர் இலண்டனில் தோற்றுவித்த பேறுகாலப் பிரிவைச் சுரத்தின் கொடுமையால் 1867-இல் மூட நேர்ந்தது. அவர் மனம் தளராமல் பல நாட்டுக் கணக்குகளைத் திரட்டி, 1871-இல் ஒரு நூல் எழுதினார். அக்காலத்து மகப்பேற்று மருத்துவமனைகளில் இறந்த தாய்மாரை நோக்க, வீட்டில் பிள்ளை பெற்று இறந்தவர் குறைவு என்பது அவர் கண்ட முடிவு.

அப்படியாயின் வீடு என்றாலே போதுமா? போதாது. என் பெரியம்மா வீட்டில்தானே இறந்தார்! இங்கிலாந்திலும் அந்நாளில் ஏழையர் வீடுகளுக்குச் சென்ற பேறு பார்ப்போர் பலர், பயிற்சி ஏதும் இல்லாத அண்டை வீட்டுப் பெண்களே. இந்நிலையை மாற்றுவதற்காக 1881-இல் பெண்கள் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களுடைய நெடிய முயற்சியின் பயனாக 1902-இல் மருத்துவச்சியர் சட்டம் பிறந்தது. பயிற்சியும் பதிவும் இல்லாதவர் மருத்துவச்சி என்ற பெயரைத் தாங்குதல் 1905 முதல் தடுக்கப்பட்டது. துவைக்கத்தக்க உடை உடுத்தல், கிருமிநாசினியும் கருவிகளும் உடன் கொண்டு செல்லுதல், ஒவ்வொரு பேற்றையும் ஏட்டில் பதிதல், இயல்புக்கு மாறாக ஏதேனும் கண்டால் உடனே மருத்துவரை அழைத்தல் ஆகியவை அவர்களுக்கு விதிகளாயின. 1936-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தால், ஊராட்சி அமைப்புகளே மருத்துவச்சியர்க்குச் சம்பளம் தந்து அமர்த்தும் முறை ஏற்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் சல்பா மருந்துகளும் வந்தன. பேறுகாலச் சுரம் பிடி தளர்ந்தது. தாய்மார் சாவும் விரைந்து இறங்கிற்று.

அதன் பின் காலம் வேறு திசையில் திரும்பிற்று. நூற்றுக்கு எழுபது பேறுகள் மருத்துவமனையில் நிகழவேண்டும் என்று 1959-இல் ஒரு குழு கூறிற்று. எல்லாப் பேறுகளுமே அங்கு நிகழ வழி செய்க என்று 1970-இல் மற்றொரு குழு கூறிற்று. 1960-இல் மூன்றில் ஒரு பங்காக இருந்த வீட்டுப்பேறு, 1980-களில் நூற்றில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிற்று. பெண்ணின் விருப்பத்துக்கு இடம் வேண்டும் என்ற குரல் 1993-இல் அரசின் அறிக்கையிலேயே ஒலித்தது. 2011-இல், இடர்க்குறி இல்லாத தாய்மார் ஏறத்தாழ 64,000 பேரைப் பற்றிய பேராய்வு ஒன்று வெளிவந்தது. முன்னரே பிள்ளை பெற்றவர்க்கு, வீட்டில் பெறத் திட்டமிடுவதால் குழந்தைக்குத் தீங்கு மிகுவதாக அது காணவில்லை. முதற்பேற்றுக்கோ தீங்கு மிகுந்தது: மருத்துவர் பிரிவில் ஆயிரத்துக்கு 5.3 ஆக இருந்தது, வீட்டில் 9.3 ஆயிற்று. மேலும், வீட்டில் பெறத் திட்டமிட்ட முதற்பேற்றுத் தாய்மாருள் நூற்றுக்கு 45 பேரும், ஏனையோருள் 12 பேரும் இடையிலோ பேற்றுக்குப் பின்னரோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர்.

இவற்றையெல்லாம் படித்த பின் மகளுக்கு எழுதினேன்: "அம்மா, உன்னைத் தடுக்க மாட்டேன். மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை எழுது. உதிரம் பெருகினால் என்ன செய்வார்கள்? மருத்துவமனை எவ்வளவு தொலைவு? புறப்பட வேண்டுமென்று மருத்துவச்சி சொன்னால், நீ மறுக்காமல் புறப்படுவாயா?"

விடை விரைவில் வந்தது. இரண்டு மருத்துவச்சியர் வருவர். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசிமருந்தும், மூச்சுத் திணறும் குழந்தைக்குக் காற்றூட்டும் கருவியும் அவர்கள் பையில் இருக்கும். மருத்துவமனை பதினைந்து நிமிட வழி. புறப்படச் சொன்னால் அக்கணமே புறப்படுவேன் என்று எழுதியிருந்தாள். "மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பையையும் கட்டி வாயிலருகே வைத்துவிட்டேன், அப்பா" என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்த பின்னரே எனக்கு உறக்கம் வந்தது.

என் பேத்தி ஒரு விடியற்காலையில் அந்த வீட்டிலேயே பிறந்தாள். வாயிலருகே இருந்த பையைத் தொட வேண்டிய தேவை எழவில்லை. தேவை எழுந்து அவர்கள் மருத்துவமனைக்குப் போயிருந்தாலும், திட்டம் தோற்றதென்று நான் கூறமாட்டேன். அதுவும் திட்டத்தின் ஒரு பகுதியே.

நேயர்களே, என் பெரியம்மாவுக்கும் வீடு இருந்தது. அன்புடைய சுற்றமும் இருந்தது. தூய கையும், பயின்ற அறிவும், இடர் வந்தால் விரைந்து செல்ல ஒரு வழியும் அவருக்கு இல்லை. அம்மூன்றும் இல்லாத இடம் வீடாயினும் மருத்துவமனையாயினும் தாய்க்குக் காப்பாகாது. இருநூறு ஆண்டுகளில் எண்ணற்ற தாய்மார் உயிர் கொடுத்து நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.