முகிலை ஊடுருவும் அளவை



சென்னையில் 1794-ஆம் ஆண்டு நில அளவைப் பள்ளியொன்று தோன்றிற்று. அதுவே வளர்ந்து பொறியியற் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. கிண்டியை அடுத்த பரங்கிமலைப் பக்கத்தில்தான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து, பாரத நாட்டின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். பனியும் மழையும் அவ்வளவைக்குப் பெரும் பகை. கண்ணுக்குத் தெரியாத குன்றை அளப்பது எங்ஙனம்?

அப்பகையை வெல்லும் வழியை 1951-இல் அமெரிக்கப் பொறியாளர் கார்ல் வைலி கண்டார். நகர்ந்து செல்லும் சிறிய ஆன்டெனா, வழிநெடுகப் பெற்ற ரேடார் எதிரொலிகளைக் கணக்கால் ஒன்றுசேர்த்தால், மிக நீண்ட ஆன்டெனாவின் பயனைத் தரும். இம்முறையில் அமைந்த சீசாட் 1978 ஜூனில் வான் ஏறி, அக்டோபரில் மின்கோளாற்றால் அடங்கிற்று. ரேடார் தன் விளக்கைத் தானே ஏந்திச் செல்வது. மின்சாரம் நின்றால் அது குருடு.

2009 ஏப்ரல் 20-இல் ரிசாட்-2 என்னும் ரேடார் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. அதே ஏவூர்தியில் உடன் சென்றது எது தெரியுமோ? நம் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட்! அது ரேடார் அன்று. செய்தி சுமந்த சிறு கோள். எனினும் அளவைப் பள்ளியின் வழித்தோன்றல்கள் விண்ணளவை நோக்கிய பயணத்தில் உடன் சென்றது எனக்கு மகிழ்ச்சியே.

2012 ஏப்ரல் 26-இல் ஏவப்பட்ட ரிசாட்-1 நம்மவர் ஆக்கம். அதன் ஆன்டெனா 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். அது பறந்த உயரம் 536 கிலோமீட்டர். தூரம் இருமடங்கானால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காக மெலியும். ஆதலின் உயரம் கூட்ட வேண்டுமெனில் மின்சாரம் பன்மடங்கு வேண்டும். காலை 6, மாலை 6 மணியளவில் நிலநடுக்கோட்டைக் கடக்கும் பாதையை அதற்கு வகுத்தது ஏன்? அப்பாதையில் சூரியப் பலகைகள் ஏறத்தாழ எப்போதும் வெயிலில் இருக்கும்.

ஒரே பட்டையை நேராகப் பார்த்துச் சென்றால், ஆன்டெனா நீளத்தின் பாதியளவு நுண்மை கிட்டும். அதாவது 3 மீட்டர். அப்போது பட்டையின் அகலம் 25 கிலோமீட்டர். கற்றையை ஓரிடத்திலேயே நிறுத்திப் பார்த்தால் 1 மீட்டர் நுண்மை. ஆனால் அகலம் 10 கிலோமீட்டரே. ஆன்டெனாவை அசைக்காமல், மின்னலைகளின் கட்டத்தை மாற்றிக் கற்றையைப் பல பட்டைகளுக்குத் தாவச் செய்தால் 223 கிலோமீட்டர் அகலம் தெரியும்; ஒவ்வொரு பட்டைக்கும் கிடைக்கும் நேரம் குறைவதால் நுண்மை 50 மீட்டராகப் பருமனாகும்.

இவ்வேட்டுக் கணக்கால் நமக்கென்ன என்பீர். 2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டை, கிண்டிப் பகுதிகள் நீரில் மூழ்கின. வானமோ முகில் மூடிக் கிடந்தது. சாதாரணக் கேமராவுக்கு அம்முகிலன்றி வேறொன்றும் தெரியாது. ரேடாருக்கு வெள்ளப் பரப்பு கறுப்பாகத் தெரியும். சமமான நீர் அலையைக் கண்ணாடிபோல அப்பால் தள்ளிவிடுவதால் எதிரொலி திரும்புவதில்லை. ஆனால் நெருங்கிய வீடுகளின் சுவர்கள் பலத்த எதிரொலி தருவதால், தெருவில் நின்ற நீர் மறைந்துபோதலும் உண்டு. முழு ஆற்றுப்படுகையைக் காண அகலம் வேண்டும். தெருவைக் காண நுண்மை வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் ரிசாட்-1 தர இயலாது.

2025 ஜூலை 30-இல் ஏவப்பட்ட நிசார் இவ்விழுபறியைப் பெரிதும் தளர்த்தியது. அது அலையை அகலமாக அனுப்பி, திரும்பும் எதிரொலியை 12 மீட்டர் விட்டமுள்ள வலைத்தட்டால், வரும் திசைக்கேற்பக் குறுகலாகத் தொடர்ந்து ஏற்கும். ஆதலின் 240 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலத்திலும் அதன் நுண்மை பெரிதும் குன்றுவதில்லை.